வல்லத்தில் பிறந்த கணித மேதை எஸ்.எஸ். பிள்ளை

கணித மேதை என்று சொன்னவுடன் நம்மவர்கள் எல்லோருக்கும் நினைவில் எழுவது ஸ்ரீநிவாஸ ராமானுஜன்தான். கும்பகோணம், சாரங்கபாணி சன்னதித் தெரு, நாமகிரித் தாயார், கேம்பிரிட்ஜ், ஹார்டி என்று அவருடைய சரித்திரம் நம் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். நமது இதழிலும் பல முறை வந்திருக்கிறது. இந்த முறை, ராமானுஜன் மறைந்த சில ஆண்டுகளுக்குள் அதே துறையில் இறங்கி, அவர் விட்ட இடத்தில் சிலவற்றைத் தொட்டு, உலகமே திரும்பிப் பார்க்கும்படி செய்த இன்னொரு தமிழரைப் பற்றி எழுத விரும்புகிறேன். சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை என்பது முழுப் பெயர். கணித உலகில் எஸ்.எஸ். பிள்ளை.

அவர் நம்மவர் இல்லையே, நமது சங்க இதழில் எதற்கு என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் அவருடைய பள்ளிப் பருவத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் வசிப்பது பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில். வாசலில் நின்றால் தமிழும் மலையாளமும் சம அளவில் காதில் விழும் இடம். நாகர்கோவிலிலிருந்து தக்கலை, குழித்துறை, களியக்காவிளை தாண்டி, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் திருவனந்தபுரம் போகும் பழைய ராஜபாட்டை இங்கேதான் ஓடுகிறது. பாறசாலை ஸ்டேஷனில் இப்போது ரயில் நிற்கிறது; ஆனால் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-ல்தான். அதற்கு முன்னால் நாகர்கோவில் பக்கத்துப் பையன் ஒருவன் திருவனந்தபுரத்துக்குப் பட்டப் படிப்புக்குப் போனால் இந்த ரோட்டை விட்டால் வேறு ஒழுங்கான வழி கிடையாது. 1920-களில் டிரங்குப் பெட்டியுடன் அப்படிப் போன மாணவர்களில் பிள்ளையும் ஒருவராகத்தான் இருந்திருக்க வேண்டும். எங்கள் கிராமங்களைக் கடந்து போன அவரை இங்கே யாருக்கும் தெரியாது. அதுதான் எனக்கு உறுத்தல்.

பிள்ளை 1901-ம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி பிறந்தார். ஊர் வல்லம். குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் அருகில், இன்றைய தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. தகப்பனார் சுப்பையா பிள்ளை, தாயார் கோமதி அம்மாள். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போதே தாயார் காலமாகிவிட்டார். உறவுக்காரப் பாட்டி ஒருவரின் ஒத்தாசையுடன் தகப்பனார்தான் வளர்த்தார். ஆரம்பப் படிப்பு வீட்டிலேயே. சொல்லிக் கொடுக்க வந்தவர் சாஸ்திரியார் என்ற ஒரு ஆசிரியர். ஒன்பது வயதில் செங்கோட்டை நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தபோதும் அந்த சாஸ்திரியாரின் அக்கறை விட்டுப் போகவில்லை.

பள்ளிப் படிப்பு முடியும் வருஷத்தில் தகப்பனாரும் போய்விட்டார். தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, கையில் காசும் இல்லை. அந்தக் காலத்தில் அந்த நிலையில் இருக்கும் ஒரு பையன் என்ன செய்திருப்பான்? ஏதாவது ஒரு கடையில் கணக்கெழுதப் போயிருப்பான். பிள்ளையும் படிப்பை விட்டிருக்க வேண்டியதுதான். அப்போது கை கொடுத்தவர் அந்த சாஸ்திரியார். வாத்தியார் சம்பளம் அன்று என்ன பெரிய சம்பளம்! அதிலிருந்து எடுத்து, தன் பிள்ளையும் இல்லாத, தன் ஜாதியும் இல்லாத ஒரு மாணவனைப் படிக்க வைத்தார். ஊரில் இவனுக்கு எதற்கு ஓய் இந்தச் செலவு என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எந்தக் காலத்தில்தான் அப்படிக் கேட்கிறவர்கள் இல்லை? பிள்ளையின் பெயரை இந்தப் பக்கங்களில் எழுத எனக்கு இருக்கும் நியாயம் இந்த சாஸ்திரியார்தான். அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடுகிறவர்கள், அவர் யாருக்குச் செலவு செய்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதன் பிறகு உதவித் தொகை கிடைத்தது. நாகர்கோவிலில் மிஷனரிகள் நடத்திய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட். அடுத்து திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. இன்று அதற்கு யூனிவர்சிட்டி காலேஜ் என்று பெயர். செங்கோட்டை, நாகர்கோவில், திருவனந்தபுரம் மூன்றும் அன்று ஒரே திருவிதாங்கூர் ராஜ்யம். 1956 நவம்பர் 1-ந் தேதி மாநில எல்லைகள் மாறியபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை ராஜ்யத்துக்குப் போயின, செங்கோட்டையும் அப்படியே. எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றுவிட்டது. ஆக பிள்ளை படித்த பள்ளி ஒரு மாநிலத்தில், பட்டம் வாங்கிய கல்லூரி இன்னொரு மாநிலத்தில். இரண்டு பக்கமும் பாதிப் பாதி சொந்தம் என்றால் என்ன ஆகும் என்பது எல்லையில் வீட்டு மனை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். முழுதாகப் பராமரிக்க யாரும் வர மாட்டார்கள்.

பி.ஏ.யில் பிள்ளைக்கு முதல் வகுப்பு கிடைக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர விதிப்படி முதல் வகுப்பு தேவை. அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மாதிரி விண்ணப்பம் மேஜைக்கு வந்தால் விதியைக் காட்டித் திருப்பி அனுப்புவதுதான் சுலபமான காரியம்; யாரும் குற்றம் சொல்ல முடியாது. அப்போது சின்னத்தம்பி பிள்ளை என்ற பேராசிரியர் விடாமல் வாதாடி, பல்கலைக்கழகம் அந்த விதியைத் தளர்த்தும்படி செய்தார். 1927-ல் பிள்ளைக்கு ஆராய்ச்சி உதவித் தொகை கிடைத்தது. பேராசிரியர் கே. ஆனந்த ராவ், பேராசிரியர் ஆர். வைத்தியநாதசுவாமி ஆகியோரிடம் வேலை செய்தார். ஆனந்த ராவ் கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்றவர்; ராமானுஜன் அங்கே இருந்த காலத்தில் தானும் அங்கே இருந்தவர். ஆக ராமானுஜனுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரே ஒரு படிதான்.

1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதே வருஷம் பிள்ளை அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1941 வரை பன்னிரண்டு வருஷம் அங்கேதான். அவருடைய பெரிய காரியங்கள் எல்லாம் அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நடந்தவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார்.

இனிமேல் கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம். எட்டாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். ஒரு காகிதமும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண் பகா எண். 2, 3, 5, 7, 11, 13 என்று போகும். தொடர் பெருக்கல் என்பது ஒன்றிலிருந்து ஒரு எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது. நாங்கள் படித்தபோது ஃபாக்டோரியல் என்போம். எழுதும்போது ஆச்சரியக் குறி போடுவோம். 4! என்றால் 1, 2, 3, 4 எல்லாவற்றையும் பெருக்கி 24. பகா எண்களைப் பற்றி வில்சன் தேற்றம் என்று ஒன்று உண்டு. எந்தப் பகா எண்ணை எடுத்துக்கொண்டாலும், அதற்கு ஒன்று குறைவான எண்ணின் தொடர் பெருக்கலோடு ஒன்றைக் கூட்டினால் அது அந்தப் பகா எண்ணால் மீதியின்றி வகுபடும். 5-ஐ எடுங்கள். 4! = 24. ஒன்று கூட்டினால் 25. ஐந்தால் வகுபடும். 7-ஐ எடுங்கள். 6! = 720. ஒன்று கூட்டினால் 721. அது 7 பெருக்கல் 103.

நான் பி.எஸ்ஸி. படித்த பாடப் புத்தகம் இதோடு நின்றுவிட்டது. பிள்ளை நிற்கவில்லை. தொடர் பெருக்கலோடு ஒன்றைக் கூட்டிவரும் எண்களை ஒவ்வொன்றாகப் பகா எண்களாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். 3! கூட்டல் 1 = 7. ஏழை மூன்றால் வகுத்தால் மீதி 1. 4! கூட்டல் 1 = 25, அதாவது 5 பெருக்கல் 5. ஐந்தை நான்கால் வகுத்தால் மீதி 1. 5! கூட்டல் 1 = 121, அதாவது 11 பெருக்கல் 11. பதினொன்றை ஐந்தால் வகுத்தால் மீதி 1. 6! கூட்டல் 1 = 721. அதில் இருக்கும் 7-ஐயும் 103-ஐயும் ஆறால் வகுத்தால் இரண்டிலும் மீதி 1. 7! கூட்டல் 1 = 5041, அதாவது 71 பெருக்கல் 71. எழுபத்தொன்றை ஏழால் வகுத்தால் மறுபடியும் மீதி 1.

ஐந்து தடவை தொடர்ந்து சரியாக வந்தால் நம்மில் பலர் இது விதி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவோம். இது எப்போதும் இப்படித்தானா என்று பிள்ளை கேட்டார். எட்டுக்கு வாருங்கள். 8! = 40320. ஒன்று கூட்டினால் 40321. அது 61 பெருக்கல் 661. அறுபத்தொன்றை எட்டால் வகுத்தால் மீதி 5. விதி உடைந்தது! 661-ஐ எட்டால் வகுத்தாலும் மீதி 5-தான்.

இப்படி விதியை மீறும் பகா எண்களுக்கு இன்று உலகம் முழுவதும் பிள்ளை பகா எண்கள் என்று பெயர். அவற்றில் மிகச் சிறியது 23. அது 14! கூட்டல் 1 என்ற எண்ணையும் வகுக்கும், 18! கூட்டல் 1 என்ற எண்ணையும் வகுக்கும். 23-ஐப் பதினான்கால் வகுத்தால் மீதி 9, பதினெட்டால் வகுத்தால் மீதி 5. அடுத்தது 29. பிறகு 59, 61, 67, 71, 79, 83 என்று போகும். ஏழில் ஒழுங்காக நடந்துகொண்ட 71-ம் இந்தப் பட்டியலில் இருக்கிறதே என்று கவனமாகப் படிப்பவர்கள் கேட்பீர்கள். 9! கூட்டல் 1 = 362881. அதில் 71 ஒரு காரணி. 71-ஐ ஒன்பதால் வகுத்தால் மீதி 8. ஏழாவது இடத்தில் நல்ல பிள்ளை, ஒன்பதாவது இடத்தில் அடம்.

14-ல் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 14! என்பது 8717 கோடியே 82 லட்சத்து 91 ஆயிரத்து 200. ஒன்றைக் கூட்டி 23-ஆல் வகுத்தால் ஈவு 3790360487, மீதி இல்லை. இந்த ஈவும் ஒரு பகா எண்! 379 கோடிக்கு மேல் போகும் இந்தப் பத்து இலக்க எண்ணை 23-ஐத் தேடிப் போன வழியில் இலவசமாகப் பெறுகிறோம். அதை 14-ஆல் வகுத்தால் மீதி 11. ஆகவே அதுவும் ஒரு பிள்ளை பகா எண். இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். 14! கூட்டல் 1-ஐப் பதினான்கால் வகுத்தால் மீதி 1 என்பது நிச்சயம். காரணிகளின் மீதிகளைப் பெருக்கினாலும் அந்த மீதி 1 வந்தாக வேண்டும். 23 தரும் மீதி 9. ஒன்பதை எதால் பெருக்கினால் பதினான்கில் மீதி 1 வரும்? 11-ஆல். 99 அல்லவா, 98 போக 1. சின்ன எண் தவறினால் பெரிய எண்ணும் கூடவே தவறியாக வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதையெல்லாம் பென்சிலால் செய்தார்கள் என்பதை நம் பேரன் பேத்திகளுக்குச் சொல்லுங்கள்.

பிள்ளை பகா எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்பது பிற்பாடு நிரூபணமாயிற்று. நிரூபித்தவர்களில் ஹங்கேரியின் எர்டோஷ் ஒருவர். கனடாவில் பேராசிரியராக இருந்த எம்.வி. சுப்பாராவ் இன்னொருவர். சுப்பாராவும் ஹார்டி என்பவரும் சேர்ந்து 2002-ல் எழுதிய கட்டுரையும் இருக்கிறது. அந்த ஹார்டி வேறு. ராமானுஜனின் ஹார்டி 1947-லேயே காலமாகிவிட்டார்.

பிள்ளையின் புகழுக்கு முக்கியக் காரணம் பகா எண்கள் அல்ல, வேரிங் பிரச்னை. எட்வர்ட் வேரிங் என்ற ஆங்கிலேயர் 1770-ல் ஒரு ஊகத்தை எழுதி வைத்தார். எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டாக எழுதலாம். ஒன்பது கனங்களின் கூட்டாக எழுதலாம். பத்தொன்பது நாலாம் அடுக்குகளின் கூட்டாக எழுதலாம். இப்படியே மேலே போகலாம் என்பது ஊகம். நான்கு வர்க்கங்கள் போதும் என்று அதே வருஷம் லக்ராஞ்சு நிரூபித்துவிட்டார். எந்த அடுக்குக்கும் இப்படி ஒரு எல்லை உண்டு என்பதை 1909-ல் ஹில்பர்ட் காட்டினார். உண்டு என்று தெரிந்ததே தவிர எத்தனை என்று தெரியவில்லை. பாங்கில் பணம் இருக்கிறது, எவ்வளவு என்று சொல்ல மாட்டேன் என்பது போல.

ஆறாம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். 1-இன் ஆறாம் அடுக்கு 1. 2-இன் ஆறாம் அடுக்கு 64. 3-இன் ஆறாம் அடுக்கு 729. இப்போது 703 என்ற எண்ணை ஆறாம் அடுக்குகளின் கூட்டாக எழுதப் பாருங்கள். 729 பெரிது, பயன்படாது. 64-ஐப் பத்து முறை போட்டால் 640. பதினோராவது முறை போட்டால் 704, ஒன்று தாண்டிவிடும். ஆகவே 640-க்கு மேல் பாக்கி 63-ஐயும் ஒற்றை ஒற்றையாகக் கூட்ட வேண்டும். பத்தும் அறுபத்து மூன்றும் எழுபத்து மூன்று. குறைந்தது 73 தேவை என்பது இதிலிருந்து யாருக்கும் விளங்கும். ஆனால் எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் 73 போதும், 74-வது வேண்டியதில்லை என்று நிரூபிப்பது வேறு விஷயம். அதைச் செய்து முடித்தவர் பிள்ளை. 1940-ல், சிதம்பரத்தில் இருந்துகொண்டு.

அதற்கு முன்பே 1935, 36 வருஷங்களில் ஏழும் அதற்கு மேற்பட்ட அடுக்குகளுக்கும், ஒரு சிறு நிபந்தனையோடு, விடையைக் கண்டுபிடித்துவிட்டார். சூத்திரம் இதுதான். இரண்டை அத்தனை முறை பெருக்கிக்கொள்ள வேண்டும்; ஒன்றரையை அத்தனை முறை பெருக்கி முழு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்; இரண்டையும் கூட்டி 2-ஐக் கழிக்க வேண்டும். ஆறாம் அடுக்குக்கு 64, 11, கூட்டினால் 75, இரண்டு கழித்தால் 73. அதே சமயத்தில் அமெரிக்காவில் சிகாகோவின் பெரிய பேராசிரியர் டிக்ஸனும் தனியாக இதே முடிவுக்கு வந்தார். டிக்ஸன் உலகப் புகழ் பெற்றவர். எண் கணிதத்தின் வரலாற்றையே மூன்று பெரிய புத்தகங்களாக எழுதியவர். பிள்ளையின் கட்டுரைகளில் பல வெளிவந்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பத்திரிகையிலும் இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகையிலும். சிகாகோவிலும் கேம்பிரிட்ஜிலும் அவற்றைக் காத்திருந்து வாங்கிப் படித்தவர்கள் எத்தனை பேர்? ஆகவே பல வருஷங்கள் வெளிநாட்டுப் புத்தகங்களில் டிக்ஸன் பெயர் பெரிதாகவும் பிள்ளை பெயர் சிறிதாகவும் இருந்தது. தேதிப்படி பிள்ளை பின்தங்கவில்லை என்பது இன்று எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஆறாம் அடுக்கு டிக்ஸனுக்கு வசப்படவில்லை. அது முழுக்க முழுக்கப் பிள்ளையுடையது.

ஐந்தாம் அடுக்குக்கு 37 என்று சீனாவின் சென் ஜிங்ருன் நிரூபித்தது 1964-ல். நாலாம் அடுக்குக்கு வேரிங் சொன்ன 19 சரிதான் என்று நிரூபணமானது 1986-ல்தான். அதைச் செய்த மூவரில் இருவர் பிரெஞ்சுக்காரர்கள், ஒருவர் நமது ஆர். பாலசுப்ரமணியன். சின்ன அடுக்குகள்தான் கடைசி வரை தொந்தரவு கொடுத்தன.

கனங்களுக்கு ஒன்பது வேண்டும் என்றேனே, அதற்குச் சாட்சி எந்த எண் தெரியுமா? 23! எட்டு, எட்டு, அப்புறம் ஏழு ஒன்றுகள். மேலே சொன்ன மிகச் சிறிய பிள்ளை பகா எண்ணும் அதேதான். இதற்கும் அதற்கும் சம்பந்தம் எதுவும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு அழகான விஷயத்தையும் சொல்ல வேண்டும். அடுத்தடுத்து வரும் சில எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மற்ற எதனோடும் பொதுக் காரணி இல்லாமல் தனித்து நிற்கும் எண் ஒன்றாவது இருக்குமா? பதினாறு எண்கள் வரை கட்டாயம் இருக்கும் என்று பிள்ளை நிரூபித்தார். பதினேழு எடுத்தால் இருக்க வேண்டிய அவசியமில்லை. 2184 முதல் 2200 வரை பதினேழு எண்கள். 2189 பார்வைக்கு யாரோடும் சேராதது போல இருக்கும். ஆனால் அது 11 பெருக்கல் 199. 2200-ம் பதினொன்றால் வகுபடும். 2197 என்பது 13-இன் கனம். 2184-ம் பதின்மூன்றால் வகுபடும். 2191-ல் ஏழு ஒளிந்திருக்கிறது, 2184-லும் ஏழு. ஒவ்வொன்றும் யாரோ ஒருவரோடு உறவாக இருக்கிறது. மத்தியானம் தூக்கம் வராதவர்கள் மீதியையும் சரிபார்க்கலாம்.

1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என்று வர்க்கம், கனம் முதலான அடுக்கு எண்களை வரிசையாக எழுதிக்கொண்டே போனால் பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி போகப் போக எல்லையில்லாமல் பெருகும் என்பது பிள்ளை விட்டுச் சென்ற ஊகம். 8-க்கும் 9-க்கும் இடைவெளி 1. இந்த இடைவெளி வேறு எங்கும் வராது என்று ருமேனியாவில் பிறந்த மிஹைலெஸ்கு 2002-ல் நிரூபித்தார். 25-க்கும் 27-க்கும் இடைவெளி 2. அந்த இரண்டு வேறு எங்காவது வருமா என்பதற்கு இன்றுவரை நிரூபணம் இல்லை. அடுக்குகளின் வித்தியாசத்தில் பிள்ளைக்கு ஆர்வம் வந்ததற்கு ராமானுஜனும் ஒரு காரணம். 2-ஐயும் 3-ஐயும் மட்டும் பெருக்கி வரும் எண்கள் எத்தனை என்று ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பிள்ளை பல கட்டுரைகள் எழுதியிருக்கிறார்.

இதற்கெல்லாம் பேச்சுத் துணை எஸ். சவ்லா. வடக்கே இருந்தவர், பிள்ளையின் உற்ற நண்பர். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1930-லேயே லண்டன் கணிதச் சங்கப் பத்திரிகையில் வந்தது. அவர்கள் நட்பு பெரும்பாலும் தபாலில் நடந்தது. ஒரு கடிதத்தில் கேள்வி போகும், அடுத்ததில் விடை வரும். இன்று ஈமெயில் வைத்திருக்கும் நாம் அந்த அளவுக்கு யாருக்கு எழுதுகிறோம்?

1941-ல் பிள்ளை திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மாணவராக இருந்த திருவனந்தபுரத்துக்கு ஆசிரியராக வந்தவர் ஒரு வருஷம்தான் தங்கினார். அடுத்த வருஷம் கல்கத்தா பல்கலைக்கழகம் அழைத்தது. அங்கே கணிதத் துறைத் தலைவர் எஃப்.டபிள்யூ. லெவி, ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேறி வந்த யூதர். யுத்தமும் 1943-ன் வங்காளப் பஞ்சமும் நடந்த காலத்தில் பிள்ளை அங்கே எண்களோடு இருந்தார்.

1950-ல் இரண்டு அழைப்புகள் ஒன்றாக வந்தன. பிரின்ஸ்டனில், ஐன்ஸ்டீன் இருந்த உயர் ஆய்வு நிறுவனத்தில் ஒரு வருஷம் தங்கி ஆராய்ச்சி செய்ய ஒன்று. ஹார்வர்டில் நடக்கும் உலகக் கணித மாநாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகக் கலந்துகொள்ள மற்றொன்று. யுத்தத்தால் பதினான்கு வருஷம் தடைபட்டிருந்த மாநாடு அது. பகா எண்களின் பரவலுக்குப் புது நிரூபணம் தந்த செல்பர்குக்கு அதில் பதக்கம் வழங்கினார்கள். பிள்ளை அங்கே இருந்திருந்தால் செல்பர்கின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

மாநாடு ஆகஸ்ட் 30-ந் தேதி தொடங்கிவிட்டது. பிள்ளை வழியில் இருந்தார். பம்பாயிலிருந்து கெய்ரோ, ரோம் வழியாக நியூயார்க் போகும் டி.டபிள்யூ.ஏ. விமானம். ஆகஸ்ட் 31-ந் தேதி பின்னிரவில் கெய்ரோவிலிருந்து ரோமுக்குக் கிளம்பிய சிறிது நேரத்தில் ஒரு எஞ்சினில் தீப்பிடித்தது. விமானி திரும்ப முயன்றார். விமானம் பாலைவனத்தில் விழுந்தது. இருந்த 55 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. சண்டிகர் நகரத்துக்கு முதல் வரைபடம் போட்ட போலந்துக் கட்டடக் கலைஞர் நோவிட்ஸ்கியும் அதே விமானத்தில்தான் இறந்தார். அவர் போனதால்தான் சண்டிகர் வேலை லெ கார்பூஸியேயிடம் போயிற்று. எகிப்தின் பிரபல சினிமா நடிகை கமீலியாவும் பயணிகளில் ஒருவர். மறுநாள் உலகப் பத்திரிகைகள் யாரைப் பற்றி எழுதியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்போது பிள்ளைக்கு வயது 49. ராமானுஜன் 32 வயதில் போனார் என்று நாம் வருத்தப்படுகிறோம், வருத்தப்பட வேண்டியதுதான். இவருக்குப் போன வருஷங்களையும் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம்.

அண்ணாமலைப் பத்திரிகையிலும் பழைய சங்க இதழ்களிலும் சிதறிக் கிடந்த அவருடைய கட்டுரைகளைத் தேடிச் சேர்த்து ராமானுஜன் கணிதச் சங்கம் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது 2010-ல்; அவர் இறந்து அறுபது வருஷம் கழித்து. தொகுத்தவர்கள் ஆர். பாலசுப்ரமணியனும் ஆர். தங்கதுரையும். 19 என்ற விடையைக் கண்ட அதே பாலசுப்ரமணியன்தான்.

சென்ற மாதம் பத்தாவது படிக்கும் பேரனை உட்காரவைத்து 87178291201 என்ற எண்ணை 23-ஆல் வகுக்கச் சொன்னேன். கால்குலேட்டர் கூடாது என்பது நிபந்தனை. இரண்டு தடவை தப்பு, மூன்றாவது தடவை மீதி பூஜ்யம். அதன் பிறகு அவனாகவே 18!-க்குப் போய்விட்டான். இன்னும் வகுத்துக்கொண்டிருக்கிறான்.